வள்ளல் கொடுத்த 2,153 கோடியும் டெல்லி நிறுத்திய 2,152 கோடியும்



எச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடாரைப் பற்றி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். தனி மனுஷனா ஜெயிச்சார், அரசாங்கத்தால் முடியாததைச் செய்து காட்டினார், பள்ளிக்கூடங்களை இப்படிப்பட்டவர்கள் கையில் கொடுத்துவிட்டால் நாடு உருப்படும் என்பார்கள்.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நாம்தான் சொல்லணும்.

ஷிவ் நாடார் திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழி கிராமத்தில் 1945ல் பிறந்தவர். 1955ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது எங்கே தெரியுமா? மதுரை இளங்கோ மாநகராட்சிப் பள்ளி. மாநகராட்சிப் பள்ளி, தோழர்களே! பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. இந்த இரண்டு கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். நல்ல மனசுக்காரர்கள் கட்டிக் கொடுத்தார்கள், மக்கள் வரிப்பணம் தாங்கிப் பிடித்தது. தமிழ்நாட்டில் கல்வி வளர்ந்த வழி இதுதான்.

1976ல் நண்பர்களோடு எச்.சி.எல். தொடங்கினார். போட்ட முதல் 1,87,000 ரூபாய் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கம்பெனியில் உத்தரப் பிரதேச அரசு 26 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டு உள்ளே வந்ததை எத்தனை பேர் சொல்றாங்க?

அதே காலத்தில்தான் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னது இந்திய அரசு. மாட்டேன் என்று மூட்டை கட்டிக்கொண்டு போனது ஐ.பி.எம். காலியான அந்தச் சந்தையில் 1978ல் எச்.சி.எல்.லின் 8சி கணினி வந்து இறங்கியது. அவருடைய திறமையை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. துணிச்சல் அவருடையது. ஆனால் அரசு போட்ட பாதையில்தான் அந்தத் துணிச்சல் ஓடியது. ‘தனி மனுஷன்’ கதை இங்கேயே உடைஞ்சு போச்சு.

சரி, கொடைக்கு வருவோம்.

1994ல் அறக்கட்டளை. 1996ல் அப்பா பெயரில் சென்னைக்கு அருகே எஸ்.எஸ்.என். கல்லூரி. உத்தரப் பிரதேசக் கிராமத்து ஏழைக் குழந்தைகளுக்கு வித்யாஞான் உறைவிடப் பள்ளிகள். இந்தியாவின் கொடையாளர் பட்டியலில் முதலிடம். 2023-24ல் அவர் குடும்பம் கொடுத்தது 2,153 கோடி ரூபாய். 2024-25ல் 2,708 கோடி. பெரிய மனசு. மனதாரப் பாராட்டுவோம். வங்கிக் கடனை வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்குப் பறந்தவர்கள் இருக்கும் நாட்டில் இப்படி ஒருவர் நம் பெருமைதான்.

ஆனா ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க.

2024-25ல் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்விக்கு மாநில பட்ஜெட்டில் ஒதுக்கியது 44,042 கோடி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கோடி. நாட்டின் முதல் கொடையாளர் அதே ஆண்டு கொடுத்த மொத்தப் பணமும் அப்படியே நமக்கு வந்திருந்தால்கூட, நம் பள்ளிகள் எத்தனை நாள் ஓடும்? 22 நாள்! மிச்சம் 343 நாளுக்கு யார் கொடுப்பது?

வித்யாஞான் தேர்வு வைத்து ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளைப் பொறுக்கி எடுக்கும். அவர்கள் வாழ்க்கை மாறும், சந்தோஷம். தேர்வாகாத குழந்தை எங்கே போகும்? ஊர் அரசுப் பள்ளிக்குத்தான் திரும்பி வரும். அரசுப் பள்ளி யாரையும் பொறுக்கி எடுக்காது. வாசலில் வந்து நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் இடம் இல்லை என்று சொல்லாது. கொடை வந்தால் நன்றி சொல்லலாம், நின்றுபோனால் கேட்க முடியாது. கல்வி உரிமையா இருந்தால்தான் கேட்க முடியும்.

இப்போ விஷயத்துக்கு வர்றோம்.

2024-25ல் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு தரவேண்டிய பங்கு ஏறக்குறைய 2,152 கோடி. தரவில்லை. காரணம்? பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்ற நிபந்தனை. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டின் முதல் கொடையாளர் 2023-24 முழுக்க நாடெங்கும் கொடுத்தது 2,153 கோடி. அடுத்த ஆண்டே ஒரே ஒரு மாநிலத்தின் பிள்ளைகளுக்கு டெல்லி நிறுத்திவைத்தது 2,152 கோடி. ஒரு வள்ளலின் ஓராண்டுக் கொடையை ஒரே ஒரு கோப்பு விழுங்கிவிடும்.

அந்தப் பணம் யாருக்கு? மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சிறப்புப் பயிற்சிக்கு. ஆசிரியர் சம்பளத்துக்கு. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் சேரும் ஏழை வீட்டுப் பிள்ளையின் கட்டணத்துக்கு. இது யாரும் போட்ட பிச்சை இல்லை. நாம் கட்டிய வரி!

அதனால, அடுத்த முறை யாராவது “அரசாங்கம் எதுக்கு, பணக்காரங்க பார்த்துப்பாங்க”ன்னு சொன்னா சண்டை போடாதீங்க. 1955ல் மதுரை மாநகராட்சிப் பள்ளிக்குள் நுழைந்த ஒரு பையனின் கதையை முழுசா சொல்லுங்க. அந்தப் பள்ளிக் கதவு திறந்திருந்ததால்தான் இன்று ஒரு வள்ளல் இருக்கிறார்.

அந்தக் கதவை மூட விடமாட்டோம்.

படித்ததோடு நிறுத்தாமல் பகிருங்கள், தோழர்களே!

#கல்விநிதி_எங்கள்_உரிமை