பயிற்சிச் சம்பளமும் பட்டணத்து வாடகையும்

பட்டம் பெற்ற நமது வாலிபர்களையும் பெண்களையும் பெரிய பட்டணத்துக் கம்பெனிகள் “இன்டர்ன்ஷிப்” என்னும் பேரால் பயிற்சிக்கு அழைக்கின்றன. மாதம் ஐயாயிரமோ எட்டாயிரமோ கொடுப்பதாகவும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ வேலை செய்ய வேண்டுமென்றும், பிறகு நிரந்தர வேலை கிடைத்தாலும் கிடைக்கலாமென்றும் கடிதம் வருகின்றது. உடனே பெங்களூரில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லியாகி விடுகின்றது. சில வீடுகளில் நல்ல நாள் குறிக்க ஜோசியரிடமும் போய் வருகின்றார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தில் அந்தப் பட்டணத்தில் எத்தனை நாள் சாப்பிட முடியும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் மாத்திரம் வெகு சொற்பம்.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். சம்பளம் 8,000 ரூபாய். மூன்று பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கும் சாப்பாட்டுக்குமாக 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பஸ், டீ, போன், சோப்பு, மருந்து எல்லாம் சேர்ந்து 3,000. ஆகச் செலவு 12,000. மாதம் 4,000 வீதம் ஆறு மாதத்திற்கு 24,000 ரூபாய் ஊரிலிருந்து போக வேண்டும். விடுதி முன்பணமும் ரயில் செலவும் வேறு. அதாவது கம்பெனியின் வேலையாளுக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கிராமத்திலுள்ள தாய் தகப்பன்மார் கட்டுகின்றார்கள் என்பதுதான் இதற்குப் பொருள்.

மத்திய அரசாங்கம் 2024-ஆம் வருஷத்தில் பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தை ஆரம்பித்தபோது, 12 மாதப் பயிற்சிக்கு மாதம் 5,000 ரூபாயும், ஒரே தடவையாக 6,000 ரூபாயும் என்று ஏற்பாடு செய்தது. முதல் சுற்றில் 82,000-க்கு மேற்பட்ட அழைப்புகள் போயும், போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்தான். இடம் தூரமாயிருந்ததும் காலம் நீண்டிருந்ததும் காரணங்களில் சேர்ந்தவை என்று அரசாங்கமே பார்லிமெண்டில் சொல்லிற்று. போகாதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லலாமா? அவர்களில் பலர் கணக்குத் தெரிந்தவர்கள் என்றே நாம் சொல்லுவோம்.

“கற்றுக் கொடுப்பதே பெரிது, சம்பளம் வேறு கேட்பதா?” என்று சில கனவான்கள் கேட்கின்றார்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு மாத்திரம் பசி எடுக்காதா என்று அவர்களைக் கேட்கின்றோம். வக்கீல் தொழிலைப் பாருங்கள். பெரிய வக்கீலிடம் ஜூனியராயிருப்பவர் வருஷக்கணக்கில் கைக்காசு செலவழித்துத் தொழில் பழகுவதே வழக்கமாயிருந்து வந்தது. அப்படி யாரால் பழக முடியும்? பட்டணத்தில் சொந்த வீடும், சோறு போடத் தகப்பனாரும் உள்ளவரால் முடியும். உழவன் மகனும் சலவைத் தொழிலாளி மகளும் ஒரு வருஷத்திற்குள் ஊர் திரும்ப வேண்டியதுதான். பிறகு, “உங்கள் ஜனங்களுக்குத் தொழிலில் சாமர்த்தியம் போதாது” என்றும் சொல்லப்படும்! 2024 ஜூனில் சென்னை ஐக்கோர்ட்டு, சென்னை, மதுரை, கோயமுத்தூரிலுள்ள ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்க வேண்டுமென்று சொன்னது. பழகுகிறவனுக்கும் வயிறு உண்டு என்பதைச் சட்டம் படித்தவர்களுக்கே கோர்ட்டார் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால், குறைந்த சம்பளமென்றால் போகவே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. ஊரில் கற்க முடியாத தொழில் சில பட்டணத்தில் உண்டு. சொந்த ஊரில் ஜாதியைக் கேட்டு மதிக்கப்படுகின்ற வாலிபனும், படி தாண்ட விடாமல் அடைக்கப்பட்ட பெண்ணும் வெளியே போவதில் பணத்தால் அளக்க முடியாத லாபமும் உண்டு. ஆகவே போவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என்ன வேலை, யார் கற்றுக் கொடுப்பது, எத்தனை மாதம் என்பதை எழுத்தில் தருகிறார்களா? முன்பு பயிற்சிக்கு வந்தவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்? அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் உண்டா? 2019-இல் திருத்திய விதிகள் அந்தச் சட்டத்தின்கீழ் வரும் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்று வைத்தன. அச்சட்டத்திற்கு வெளியே வெறும் “இன்டர்ன்ஷிப்” என்று பேர் வைத்துக்கொண்டால் அந்தக் கட்டாயமில்லை. பேரைப் பார்த்து மயங்காமல் காகிதத்தைப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

கடைசியாக, குறைகின்ற பணம் எங்கிருந்து வருகின்றது என்று பார்க்க வேண்டும். கையிருப்பிலிருந்து வருமானால், காலமும் குறுகியதாயிருக்குமானால், தொழிலும் நிச்சயமாகக் கைக்கு வருமானால், தாராளமாகப் போகலாம். தாயாரின் நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும், தங்கையின் படிப்பை நிறுத்தியும்தான் போக வேண்டுமென்றால் அது பயிற்சியல்ல. ஒரு குடும்பம் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் தருமமேயாகும்.

அப்படிப்பட்ட கடிதத்திற்கு, “இச்சம்பளத்தில் உங்கள் ஊரில் வாழ முடியாது; உயர்த்திக் கொடுத்தால் வருகின்றேன்” என்று மரியாதையாகப் பதில் எழுதுவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஊரில் சொல்லியாகி விட்டதே என்று பயந்து போவதுதான் அவமானம். பெற்றோர்களும் வாலிபர்களும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து, நாளையும் நட்சத்திரத்தையும் விட்டு வரவையும் செலவையும் பார்த்து முடிவு செய்வார்களாக.