பிர்அவ்ன்களை உருவாக்குவோர் யார்?

திருக்குர்ஆனில் மிக அதிகமாகப் பெயர் கூறப்படும் நபி, ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களே ஆவார்கள். அவர்களுடைய வரலாற்றோடு பிர்அவ்னின் வரலாறும் மீண்டும் மீண்டும் நம் முன் வைக்கப்படுகிறது. என்றோ எகிப்தில் மூழ்கி மாண்ட ஒரு மன்னனை இத்தனை முறை நாம் ஏன் நினைவுகூர வேண்டும்? மன்னன் மாண்டானேயன்றி அவன் வளர்ந்த வழி மாண்டுவிடவில்லை என்பதைச் சிந்திப்போர் உணர்வர்.

அந்த வழியைத் திருமறை இரண்டு இடங்களில் தெளிவாகக் காட்டுகிறது. அவன் தன் நாட்டு மக்களைப் பல பிரிவினராக்கி, அவர்களில் ஒரு பிரிவினரை நலிவுறச் செய்தான் என்பது 28 ஆவது அத்தியாயத்தின் கருத்து. அவன் தன் மக்களை அற்பமாக மதித்தான். அவர்களோ அவனுக்கே கீழ்ப்படிந்தார்கள் என்பது 43 ஆவது அத்தியாயத்தின் கருத்து. கீழ்ப்படிந்த அம்மக்களையும் இறைவன் பாவிகள் என்றே குறிப்பிடுகிறான். அரசனுடைய ஆணவத்தோடு குடிகளின் பணிவையும் சேர்த்தே திருமறை கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதை நாம் கவனிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வாளேந்தி வந்து அரியணையைப் பறிப்பவனே கொடுங்கோலன் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. ஜெர்மனியில் ஹிட்லர் 1933 ஜனவரி 30 இல் சட்டப்படி பிரதமராக நியமிக்கப்பட்டவரே. அடுத்த மாதம் பாராளுமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. அச்சம் நாட்டைப் பிடித்துக்கொண்டது. மார்ச் 23 இல், பாராளுமன்றத்தைக் கேளாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை அப்பாராளுமன்றமே அவருடைய அரசுக்கு வாக்களித்துக் கொடுத்தது. கோட்டையின் கதவை உள்ளிருந்தவர்களே திறந்துவிட்டனர்.

இஃது எங்கோ நடந்த கதை என்று இருந்துவிட வேண்டா. விருதுநகர் மாவட்டத்தில் அருகருகே உள்ள ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இதே பாடத்தை நமக்குச் சொல்லவல்லவை. நல்லவர்கள் என்று நாடு போற்றிய இரு தலைவர்களோடு அவ்வூர்கள் தொடர்புடையவை.

ராஜபாளையத்தில் பிறந்தவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். 1952 பொதுத்தேர்தலில், முதலமைச்சராக இருந்துகொண்டே தோற்றார். மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கிப் பதவியை விட்டு இறங்கினார். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்தார். பதவியை அமானிதமாகக் கருதுவோர்க்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஆயினும், அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் சட்டம் இங்கே கம்யூனிஸ்டுகள் மீது பாய்ந்தது. 1950 பிப்ரவரி 11 இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தனர். அவ்வாண்டே தம் சிறைவாசத்தை எதிர்த்து ஏ. கே. கோபாலன் சென்னை அரசின் மீது தொடுத்த வழக்கில், அச்சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நல்லவர் கையில்தானே இருக்கிறது என்று நாடும் அமைதி கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி 1952 இல் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய உறுப்பினர் பெருந்தலைவர் காமராசர். 1966 ஜனவரியில் லால்பகதூர் சாஸ்திரி மறைந்தபோது, காங்கிரஸ் தலைவர் என்ற முறையில் முன்னின்று திருமதி இந்திரா காந்தியைப் பிரதமராக்கியவர் அவரே. அதில் அவருக்குத் தன்னலம் ஏதுமில்லை. ஆனால் நான்காண்டுகளுக்குள் கட்சி பிளந்தது. 1971 தேர்தலில் திருமதி காந்தி பெருவெற்றி பெற்றார். மிசா என்னும் புதிய தடுப்புக் காவல் சட்டமும் அவ்வாண்டே வந்தது. 1975 ஜூன் 12 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தல் செல்லாது என்றது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறந்தது. அது நடப்பிலிருந்தபோதே, அக்டோபர் 2 இல் காமராசர் கண் மூடினார்.

பிறகு நடந்தவற்றை நாடறியும். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த், ஆர். எஸ். எஸ். உள்ளிட்ட பல அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. 1976 ஏப்ரலில் டெல்லி துருக்மான் கேட் பகுதியில் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்தோர் மீது துப்பாக்கி பேசியது. நெருக்கடி நிலையை எதிர்த்த தமிழக அரசு 1976 ஜனவரி 31 இல் கலைக்கப்பட்டது. எனினும் 1977 தேர்தலில், வட இந்தியா ஆளுங்கட்சியைத் தூக்கியெறிந்தபோது, தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகள் திருமதி காந்தியின் அணிக்கே வெற்றி தந்தன. அடுத்த வீட்டுக் கூரையில் பற்றிய நெருப்பின் சூடு நம் திண்ணைக்கு வந்து சேரவில்லை போலும்!

வாசக அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். 1950 இல் ஒரு நல்ல மனிதரின் ஆட்சி கையாண்ட கருவியே வேறு பெயரில் 1975 இல் நாட்டையே கட்டிப்போட்டது. தன்னலமற்ற ஒரு தலைவர் நம்பிக்கையோடு ஏற்றிவைத்தவரின் கையில்தான் அக்கருவி இருந்தது. எவருடைய கையில் கொடுக்கிறோம் என்று மட்டுமே நாம் பார்க்கிறோம். எதைக் கொடுக்கிறோம் என்று பார்ப்பதில்லை. கை மாறும், கருவி அப்படியே இருக்கும். 1980 இன் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் தமிழ்நாட்டின் 1982 ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றும் நடப்பில் உள்ளன. நமக்குப் பிடிக்காதவர் மீது அவை பாயும்போது நாம் மகிழ்வோமாயின், நம்மீது பாயும் நாளில் யாரிடம் முறையிடுவோம்?

கேள்வி கேட்போர் அன்றும் இல்லாமற் போகவில்லை. கோபாலன் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களுள் ஒருவர் நீதிபதி சையித் ஃபஸ்ல் அலீ. அவர் காட்டிய வழிக்கு உச்ச நீதிமன்றம் 1970 க்குப் பின்னரே திரும்பி வந்தது. நெருக்கடி நிலையில், சிறைப்பட்டவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட உரிமையில்லை என்று 1976 ஏப்ரல் 28 இல் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவர்களுள் நீதிபதி எம். எச். பேக்கும் ஒருவர். மாறுபட்டு நின்றவர் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி, மூத்தவரான கன்னாவை விடுத்துப் பேக்கிற்கு அளிக்கப்பட்டது. நீதியின் பக்கம் நிற்பவர் எச்சமயத்திலும் உண்டு. நிற்கத் தவறுபவரும் எச்சமயத்திலும் உண்டு. நம்மவர் என்பதற்காக நாம் எவரையும் கேளாமல் விட்டுவிடுதல் ஆகாது.

இஸ்லாம் காட்டும் நெறி இவ்விடத்தில் ஐயத்திற்கு இடமில்லாதது. முதல் கலீபாவாகப் பொறுப்பேற்ற ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் ஆற்றிய முதல் உரையிலேயே, தாம் நேர்வழி நடந்தால் துணை நிற்குமாறும், தவறினால் தம்மைத் திருத்துமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கே தோழர்களுடன் கலந்தாலோசிக்கும்படி இறைவன் கட்டளையிட்டான். கொடுங்கோல் அரசன் முன் நீதியான சொல்லைக் கூறுதல் மிகச் சிறந்த ஜிஹாத் என்று அண்ணலார் போதித்தார்கள். நம்மில் பலர் பின்பற்றும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், கலீபா மன்சூர் அளித்த காஜி பதவியை மறுத்துச் சிறை சென்றார்கள். அச்சொல்லும் முரட்டுச் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. பிர்அவ்னிடம் சென்ற மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகிய இருவரையும் மென்மையாகவே பேசும்படி இறைவன் பணித்தான்.

பெரிய அவைகளில் பேசும் வாய்ப்பு நமக்கு ஏது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மஹல்லா ஜமாஅத்திலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறதா? முத்தவல்லி நல்லவர்தானே என்று கணக்கைக் கேளாமல் எழுந்து வருகிறோமா? கேட்ட இளைஞரை, பெரியவர்களை அவமதிக்கிறான் என்று அமர்த்திவிடுகிறோமா? கணக்குக் கேட்பது நல்ல முத்தவல்லிக்கு இழுக்கன்று. அவருக்குப் பின் வருபவரையும் அது காக்கும். வீட்டில் தந்தையின் தவற்றைப் பணிவோடு எடுத்துரைக்கும் பிள்ளைக்குச் செவிசாய்க்கும் குடும்பத்தில்தான், நாளை ஆட்சியாளரிடம் பணிவோடும் அச்சமின்றியும் பேசும் குடிமகன் வளர்வான்.

பிர்அவ்னின் அவையிலும் தன் ஈமானை மறைத்து வாழ்ந்த ஒருவர், மூஸா (அலை) அவர்களைக் கொல்லத் துணிந்தபோது எழுந்து நியாயம் கேட்டார். அவருடைய பெயரைத் திருமறை கூறவில்லை. அவர் கேட்ட நியாயத்தை 40 ஆவது அத்தியாயத்தில் நிலைநிறுத்தியிருக்கிறது. அத்தகைய நாவன்மையையும் நெஞ்சுரத்தையும் வல்ல நாயன் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.