போகும் முன் ஒரு வார்த்தை

கல்யாணப் பேச்சை முடித்து வரும்படி குடும்பத்தில் ஒரு பெரியவரை அனுப்புகிறோம். அவர் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும், புறப்படுமுன் வீட்டார் கூடி, "இவ்வளவு செலவு வரையில் சம்மதிக்கலாம், இன்ன மாதத்துக்கு ஒப்பலாம், அதற்கு மேற்பட்டால், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். இது அவரிடத்தில் அவநம்பிக்கையன்று. தாம்பூலம் மாற்றியான பிறகு ஆலோசனை செய்து பயனில்லை என்பதை அறிந்த விவேகம்.

இந்தச் சிறு விவேகத்தை ராஜ்ய விவகாரத்தில் எப்படிக் கையாளுவது என்பது உலகத்துப் பார்லிமெண்டுகளுக்கு இன்று பெரிய பிரச்னையாகியிருக்கிறது. முன்னெல்லாம் ஒரு தேசத்தின் சட்டம் அந்தத் தேசத்துச் சபையிலேயே பிறந்தது. இப்போதோ பல சட்டங்கள் வெளியூரில் கருவாகி, உள்ளூருக்குப் பெயர் சூட்டிக்கொள்ள மட்டும் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். அதில் 27 தேசங்கள். அவற்றின் மந்திரிகள் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடி, ஐரோப்பியப் பார்லிமெண்டுடன் சேர்ந்து இயற்றும் சட்டங்கள் அங்கத்தினர் நாடுகளையெல்லாம் கட்டுப்படுத்தும். மந்திரி ஊர் திரும்பி, "அங்கே முடிவாகிவிட்டது, நான் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்தால், அவரைத் தேர்ந்தெடுத்த சபைக்கு என்ன வேலை மிஞ்சும்?

இதற்கு டென்மார்க் தேசத்தார் கண்ட வழி நேர்த்தியானது. 1973ஆம் வருஷம் அவர்கள் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தார்கள். அது முதற்கொண்டே அவர்களுடைய பார்லிமெண்டில் இதற்கென்று ஒரு கமிட்டி இயங்கி வருகிறது. முக்கியமான விஷயம் எதுவானாலும், மந்திரி பிரஸ்ஸல்ஸுக்குப் புறப்படுமுன் இந்தக் கமிட்டியின் முன்னால் வந்து, தாம் அங்கே என்ன பேசப் போகிறார், எதுவரை இறங்கிவரப் போகிறார் என்பதைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு மெம்பரும் தம் கட்சியின் பலத்துக்கேற்ற எடையுடன் பேசுகிறார். பெரும்பான்மை எதிர்க்கவில்லையென்றால் மந்திரி போகலாம்; எதிர்த்தால், தம் நிலையைத் திருத்திக்கொண்டுதான் போகவேண்டும்.

பிரிட்டனில் முறை வேறு. அங்கே 1974 முதல் ஐரோப்பியப் பத்திரங்களைப் பரிசீலிக்கக் கமிட்டிகள் இருந்தன. கமிட்டி பார்த்து முடிக்கும் வரையில், விசேஷ காரணமிருந்தாலன்றி, மந்திரி சம்மதம் கொடுக்கலாகாது என்பது பிற்பாடு சபையின் தீர்மானமாகவே ஆயிற்று. 2020இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதுடன் அந்த ஏற்பாட்டுக்கு வேலையில்லாமற் போயிற்று.

2009இல் அமலுக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை, தேசியப் பார்லிமெண்டுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு ஆயுதத்தைக் கொடுத்தது. ஒன்றியத்தின் மசோதா கைக்கு வந்த எட்டு வாரங்களுக்குள், "இது எங்கள் மட்டத்திலேயே செய்துகொள்ளக்கூடிய காரியம்; ஒன்றியம் தலையிட வேண்டாம்" என்று பார்லிமெண்டுகள் சொல்லலாம். மொத்த ஓட்டில் மூன்றிலொரு பங்கு அப்படிச் சேர்ந்தால் மசோதாவை மறுபரிசீலனை செய்தாகவேண்டும். இதற்கு மஞ்சள் சீட்டு என்று பெயர். இதுவரை அது உயர்ந்தது மூன்றே தடவை. 2012இல் வேலைநிறுத்த உரிமையைப் பற்றிய மசோதா வாபஸாயிற்று. 2013இலும் 2016இலும் ஐரோப்பியக் கமிஷன் தன் மசோதாவைக் கைவிடவில்லை. எழுதி முடிந்த பிறகு ஆட்சேபிப்பதைவிடப் போகும் முன் சொல்லியனுப்புவதே மேல் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இதற்கும் காஞ்சீபுரத்துத் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நம் தேசம் அப்படிப்பட்ட ஒன்றியம் எதிலும் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் வெளியூரில் பிறந்த சட்டம் நம் பிள்ளையார்பாளையத்து வீதிக்கும் வந்திருக்கிறது.

1986இல் ஆரம்பித்த உலக வர்த்தகப் பேச்சு 1994 ஏப்ரலில் மொராக்கோ தேசத்து மாராக்கேஷ் நகரில் கையெழுத்தில் முடிந்தது. அதன் ஒரு பகுதியான டிரிப்ஸ் ஒப்பந்தம், ஊர்ப் பெயரால் புகழ்பெற்ற சரக்குகளைப் பற்றியும் பேசுகிறது. தன் சொந்த நாட்டில் பாதுகாப்பில்லாத பெயரை மற்ற நாடுகள் காப்பாற்றவேண்டியதில்லை என்பது அதில் ஒரு ஷரத்து. ஆகவே நாம் 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் செய்தோம். 2003இல் அது அமலுக்கு வந்தது. 2005-06இல் காஞ்சீபுரம் பட்டு அதில் பதிவாயிற்று. நல்லதுதான். ஆனால் அதே ஒப்பந்தத்தின் 22, 23ஆம் ஷரத்துக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திராட்சை மதுவுக்கும் சாராய வகைகளுக்கும் உயர்ந்த பாதுகாப்பு: வேறு ஊரில் செய்தவன், "இன்ன ஊர்ப் பாணியில் செய்தது" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டுகூட அந்தப் பெயரைப் போடலாகாது. பட்டு முதலிய மற்றச் சரக்குகளுக்கோ, வாங்குகிறவர் ஏமாறும்படி பெயர் போட்டால்தான் குற்றம். மதுவுக்கு ஒரு நீதி, பட்டுக்கு ஒரு நீதி! இந்த வித்தியாசத்தை நீக்கவேண்டுமென்று பிற்பாடு இந்தியா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கேட்டது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பேச்சு நடந்த காலத்தில் நம் பார்லிமெண்டு என்ன செய்தது? இலாகாவாரி நிலைக்குழுக்கள் முழு அளவில் ஏற்பட்டதே 1993இல்தான். அவற்றுள் வர்த்தக நிலைக்குழு, ஸ்ரீ ஐ. கே. குஜ்ரால் தலைமையில், ஆர்தர் டங்கலின் நகலை ஆராய்ந்து அறிக்கை தந்தது. உழைப்பில் குறையில்லை. ஆனால் அந்த நகல் 1991 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது. பேச்சு தொடங்கி ஏழு வருஷம் கழித்துக் கமிட்டி பிறந்தது. தறியில் புடவை முக்கால் பாகம் நெய்தான பின் கரையின் நிறத்தைப் பற்றி யோசனை சொல்வது போலத்தான்!

நம் அரசியல் சட்டத்தில், உடன்படிக்கைக்குக் கையெழுத்திடுமுன் பார்லிமெண்டின் சம்மதத்தைப் பொதுவாகப் பெறவேண்டும் என்ற விதி இல்லை. அதை நிறைவேற்றச் சட்டம் செய்யும் அதிகாரத்தை மட்டும் 253ஆம் ஷரத்து பார்லிமெண்டுக்கு அளிக்கிறது. விஷயம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும் தடையில்லை. நிலைக்குழு விரும்பினால் விசாரிக்கலாம், அறிக்கை எழுதலாம். மந்திரி அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

"முன்கூட்டியே சொன்னால் இரகசியம் வெளியாகிவிடும், பேரம் கெட்டுவிடும்" என்று உத்தியோகஸ்தர்கள் ஆட்சேபிப்பார்கள். இரகசியம் வேண்டியபோது கதவைச் சாத்திக்கொண்டு பேசக் கமிட்டிகளுக்குத் தெரியும். அன்றியும், "இதற்கு என் பார்லிமெண்டு சம்மதிக்காது" என்று சொல்லக்கூடிய மந்திரிக்குப் பேரத்தில் பலம் கூடுமேயன்றிக் குறையாது.

கணக்குக் கேட்கும் வழக்கத்தை நாம் டென்மார்க்கிடமிருந்துதான் கற்கவேண்டும் என்பதில்லை. காஞ்சீபுரம் ஜில்லாவிலேயே உத்தரமேரூர் இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் வருஷங்களில், அவ்வூர்ச் சபையார் கல்லில் பொறித்த விதிகள் இன்றும் அங்கே உண்டு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். குடவோலையிட்டு ஆள் எடுப்பார்கள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை மறுபடி குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது! நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணருக்கு மட்டுமே அந்தச் சபையில் இடமிருந்தது. நெசவாளருக்கோ பெண்களுக்கோ இல்லை. அந்தக் குறையை நம் குடியரசு நீக்கிவிட்டது. அந்த விதியின் கண்டிப்பை மட்டும் ஏன் கைவிடவேண்டும்?

வெளித்தேசங்களுடன் வர்த்தக ஒப்பந்தங்கள் இன்னும் பல வரும். ஒவ்வொன்றிலும் நூலுக்கு, ஜரிகைக்கு, கைத்தறிக்கு ஏதேனும் ஒரு வரி இருக்கும். உடன்படிக்கைகளுக்கென்றே பார்லிமெண்டில் ஒரு கமிட்டி வேண்டும். பேசப் போகுமுன் மந்திரி அதன் முன்னால் வரவேண்டும். திரும்பியதும் கணக்குச் சொல்லவேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வரும் அபேட்சகரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வைப்போம்.