கணுக்காலில் ஒரு கறுப்பு

கணுக்காலுக்கு மேலே அரிப்பும் கறுப்பும் மாதக்கணக்கில் போகவில்லையென்றால் நம்மவர்கள் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். ‘தோலுக்கு ஒரு டியூப் கொடுங்க’ என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. 2018இல் இவற்றில் பலவற்றை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. அந்தச் சேதி கடை கவுன்ட்டரை எட்டியதாகத் தெரியவில்லை. வந்திருப்பது படர்தாமரையானால், இந்தக் களிம்பு சிவப்பைக் கொஞ்ச நாள் அடக்கிவிட்டுப் பூஞ்சையைத் தாராளமாகப் பரவவிடும். ஆனால் கீழ்க்காலில் வரும் பல தடிப்புகளுக்கு மூலம் தோலிலேயே இல்லை. சிரைகளின் வால்வு தளர்ந்து, மேலே ஏற வேண்டிய ரத்தம் காலில் தேங்குகிறது. மாலையானால் வீக்கம், கசிந்த ரத்தத்தின் இரும்பு படிந்து பழுப்பு நிறம், அப்புறம் கரப்பான், கவனிக்காவிட்டால் ஆறாத புண். நாள் முழுக்க நின்றே வேலைபார்க்கும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. என்னைக் கேட்டால், எந்தக் களிம்பையும்விட உருப்படியான தோல் வைத்தியம் அதுதான் (முதலாளி உட்காரவும் விட்டால்). மற்றபடி, சிரைகளில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டாப்ளர் ஸ்கேன், காலை உயர்த்தி வைப்பது, அழுத்தக் காலுறை, வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு. சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் காலுறை மாட்டுமுன் தமனியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.