உள்ளங்கையும் ஓர் ஒளிமானிதான்

உங்கள் வீட்டில் தோட்டத்துக் காலத்து ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் ஒரு கோயில் திருவிழாப் படம் இருக்கும். தாத்தாவின் வேட்டி பளிச்சென்று தெரியும். பின்னால் வானம் வெள்ளையாக இருக்கும். தாத்தாவின் முகம் மட்டும் கறுப்புத் திட்டாக இருக்கும். "அந்தக் காலத்து கேமரா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

சென்ற திருவிழாவில் கைப்பேசியில் எடுத்த படத்தையும் பாருங்கள். பல வீடுகளில் இன்றும் அதே கதைதான். கோளாறு கேமராவின் விலையில் இல்லை. அது வெளிச்சத்தை அளக்கும் முறையில் இருக்கிறது. படம் எடுக்கப் பழகுகிறவர்கள் புதிய கருவி வாங்கும் முன்பு கற்க வேண்டியது எக்ஸ்போஷர் எனப்படும் ஒளியளவைத்தான் என்பது என் கருத்து.

ஒளியளவை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஐஎஸ்ஓ எண் என்ன என்பவை அவை. இவற்றில் எதையும் ஒரு படி கூட்டினால் படத்தின் வெளிச்சம் இரட்டிப்பாகும். ஒரு படி குறைத்தால் பாதியாகும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/16, ஷட்டர் 1/125 வினாடி என்பது பழைய புகைப்படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு. மர நிழலுக்குள் நுழைந்தால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகவோ பதினாறில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். நம் கண் அதைச் சமாளித்துக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை.

கேமரா இந்தக் கணக்கைத் தானே போடுகிறது. ஆனால் எதிரில் இருப்பது என்னவென்று ஒளிமானிக்குத் தெரியாது. காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது வைத்துக்கொள்கிறது. தன் மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையைப் புகைப்படக்காரர்கள் இதற்கு அளவாகக் கொள்வார்கள். வெள்ளைச் சுவரை மட்டும் எடுத்தால் அது சாம்பலாகத் தெரியும். கறுப்புச் சேலையை மட்டும் எடுத்தால் அதுவும் சாம்பலாகத் தெரியும். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகத் திருவிழாவில், வானத்தைப் பின்னணியாக வைத்து ஒருவரை எடுத்தால் என்ன ஆகும்? வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு கேமரா ஒளியைக் குறைக்கும். முகம் இருண்டுவிடும்.

வண்ணப் படங்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருந்தது. அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவருடைய தோல் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். கறுத்த முகத்தின் நுணுக்கங்கள் அந்தக் கணக்கில் இல்லை. கூகுள் நிறுவனம் 2021இல் பிக்சல் 6 கைப்பேசியில் எல்லாத் தோல் நிறங்களுக்கும் ஏற்ற முறையைச் சேர்த்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நிறுவனங்கள் திருத்திக்கொள்ளும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முகத்தின் நிறம் எதுவானாலும் மனிதர்களின் உள்ளங்கைகள் ஏறக்குறைய ஒரே அளவு வெளிர்நிறம் கொண்டவை. நடுத்தரச் சாம்பலைவிடச் சுமார் ஒரு படி வெளிச்சமானவை. எடுக்கப்படுபவர் நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளவெடுங்கள். பிறகு ஒரு படி கூட்டுங்கள். கைப்பேசி என்றால் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கறுத்த முகத்தை வைத்து அளந்தால் கைப்பேசி அதை அளவுக்கு மீறி வெளுக்கவைக்கும், சற்றுக் குறையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி செய்யுங்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை வெயிலில், வாசற்படியில், மரத்தடியில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படி குறைத்து, உள்ளபடி, ஒரு படி கூட்டி என மூன்று படங்கள் எடுங்கள். ஒன்பது படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடுப்பகலைத் தவிருங்கள். நிலநடுக்கோட்டுக்கு 2 பாகை வடக்கே இருக்கும் மலாக்காவில் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் மேலிருந்து விழுவதால் கண்கள் நிழலில் மறைந்துவிடும். கடைவீதியாக இருந்தால் அஞ்சடிக்குள் அழைத்து வந்து எடுங்கள்.

"பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாமே" என்பார்கள். ஓரளவுக்கு முடியும். ஆனால் முற்றாக வெளுத்துப் போன இடத்தில் மீட்க எதுவும் இருக்காது. மிகவும் இருண்ட இடத்தைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக வரும். வானமும் முகமும் ஒரே படத்தில் அடங்காதபோது எதை விடுவது என்று எடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். வானத்தை விடுங்கள். அது நாளையும் இருக்கும்.

பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. விடியற்காலையில் மரம் சீவப் போனவர்கள் இன்று முதியவர்கள். அடுத்த மாசி மகத்துக்கு உங்கள் பாட்டியும் வருவார். அவரை நிழலுக்கு அழைத்து, உள்ளங்கையை நீட்டி அளந்துவிட்டு எடுங்கள். படத்தை அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள்.