ஆறாம் வேற்றுமையும் ஓர் ஆசிரியரின் பெயரும்

சென்ற தவணையில் ஒரு நாள் ஆறாம் வேற்றுமை கற்பித்துக்கொண்டிருந்தேன். சாத்தனது கை, சாத்தனது ஆடு. உருபு ஒன்றே ஆயினும் உடைமை வேறு. கை சாத்தனை விட்டுப் பிரியாதது, ஆதலின் தற்கிழமை. ஆடு விற்கவும்படும், களவும் போகும், ஆதலின் பிறிதின்கிழமை. இவ்வளவும் சொல்லி முடித்தபோது பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, சாத்தனது பெயர் என்றால் அது எந்தக் கிழமை?" என்று வினவினான். "பெயர் ஆளை விட்டுப் பிரியுமோ? தற்கிழமையே" என்று தயக்கமின்றி விடை கூறினேன். அந்த விடையை அடுத்த வாரமே நான் மீளப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது.

அடுத்த வாரம் வெண்பாப் பாடம். தளை தட்டாமலும் பொருள் சிதையாமலும் பாடுவது எப்படி என்று காட்டுவதற்கு, எனக்கு யாப்புக் கற்பித்த ஆசிரியரின் பாடல்களைப் பார்க்கும்படி மாணாக்கருக்குச் சொன்னேன். அவை இணையத்தளம் ஒன்றில் இருந்தன. ஒருவன் தன் கைத்தொலைபேசியில் முகவரியை இட்டான். இட்டவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின் தொலைபேசியை என்னிடமே நீட்டினான். முகவரியில் என் ஆசிரியரின் பெயர் இருந்தது. அதன் கீழே சீட்டுக்கட்டும் சுழல் சக்கரமும் நாணயக் குவியலும் மின்னிக்கொண்டிருந்தன. கோயில் திருவிழாவில் விற்கும் அதிட்ட இலாபச் சீட்டைக்கூட வாங்க மறுத்தவர் அவர்.

அத்தளத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுகின்றேன். ஆசிரியர் மறைந்த சில ஆண்டுகளின் பின், கனடாவில் வாழ்ந்த எங்கள் பழைய மாணாக்கர் ஒருவர், 2009இல் தம் சொந்தச் செலவில் அதனை அமைத்தார். முந்நூறுக்கு மேற்பட்ட தனிப்பாடல்களும், சில கட்டுரைகளும், ஆசிரியர் புராண படனம் செய்த ஓர் ஒலிப்பதிவும் அதில் இருந்தன. அன்பர் 2021இல் காலமானார். அவருடைய கடனட்டையும் அவரோடு முடிந்தது. ஆண்டுக் கட்டணம் செலுத்துவார் இல்லை. கடவுச்சொல் அவர் மனைவியாருக்குத் தெரியாது; அப்படி ஒன்று உண்டென்பதும் தெரியாது. பெயர் கைதவறியது, வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

இணையத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் பெயரை ஆங்கிலத்தில் 'டொமெயின்' என்பர். கலைச்சொல்லாக்கக்காரர் அதற்கு 'ஆள்களப்பெயர்' என்று பெயரிட்டுள்ளனர். ஆளும் களம் என்று அதனை விரிக்கலாம். ஆள்பவர் யார் என்பதே என் வினா. 'வாங்கினேன்' என்று எல்லோரும் சொல்லுகின்றோம். உண்மையில் ஒருவரும் வாங்குவதில்லை. டொட் கொம் என்று முடியும் பெயரை ஓராண்டுக்கு எடுக்கலாம். ஒருமுறையில் ஆகக்கூடியது பத்தாண்டுக்கு எடுக்கலாம். அதற்கு மேல் எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. நம்மூர்ப் பேச்சிற் சொன்னால் இது உறுதி முடித்த காணி அன்று, குத்தகைக் காணி. குத்தகைக் காணியில் நாம் கோயில் கட்டினோம்.

தவணை தப்பியவுடன் பெயர் பறிபோய்விடும் என்று எண்ண வேண்டா. இதில் ஒரு முறை உண்டு. பதிவு செய்து கொடுத்த வணிகர் நாற்பத்தைந்து நாள் வரை அதனைத் தம்மிடம் வைத்திருக்கலாம். பின்னர் அதனை நீக்கினால் முப்பது நாள் மீட்புக் காலம். மேலதிகக் கட்டணம் கட்டிப் பழைய உடையவரே மீட்கலாம். ஒற்றி வைத்த காணியை மீட்பது போன்றதென்க. அதுவும் கழிந்தால் ஐந்து நாள் ஒருவரும் தொட முடியாது. ஆறாம் நாள் பெயர் எல்லோருக்கும் பொது. இவ்வாறு விழும் பெயர்களை ஏந்துவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. அவற்றின் கணினிகள் இமைப்பொழுதுக்குள் பன்முறை முயன்று பெயரைப் பற்றிக்கொள்ளும். பல வணிகர் அவ்வளவு தூரம் செல்லவும் விடாது, மீட்புக் காலத்துக்கு முன்னரே பெயரை ஏலத்தில் ஏற்றிவிடுகின்றனர்.

அறிவித்தல் இல்லாமல் இது நடப்பதுமில்லை. இப்பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் என்னும் அமைப்பு 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, காலம் முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்து ஐந்து நாளுக்குள் ஒன்று என மூன்று அறிவித்தல்கள் பதிவுக்காரருக்கு அனுப்பப்படல் வேண்டும். எங்கள் அன்பருக்கும் அவை அனுப்பப்பட்டிருக்கும். மூன்றும் இறந்தவருக்கே சென்றன.

விழுந்த பெயரை ஒருவர் ஏன் விரும்பி எடுக்கின்றார்? இதனை நான் தெரிந்துகொண்டபோதுதான் என் மனம் உண்மையில் கசந்தது. எங்கள் ஆசிரியரின் வெண்பாவிற் காதல் கொண்டு எடுத்தாரல்லர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல தளங்களும் பாடசாலைப் பக்கங்களும் 'இப்பாடலை இங்கே காண்க' என்று அந்த முகவரியைச் சுட்டியிருந்தன. தேடுபொறி அச்சுட்டுகளை எண்ணி, 'இது நம்பத்தக்க இடம்' என்று மதிப்பு வைத்திருந்தது. அந்த மதிப்பைத்தான் எடுத்தவர் எடுத்தார். சூதாட்டக் கடைக்குப் புதிய பெயர் வைத்தால் ஒருவரும் நம்பார். புலவர் பெயரை வைத்தால் பொறியும் நம்பும், மனிதரும் வந்து விழுவர். கூகுள் நிறுவனம் 2024 மார்ச்சில், காலாவதியான பெயர்களை இவ்வாறு பயன்படுத்துவது தன் விதிக்கு மாறான முறைகேடு என்று வெளிப்படையாக அறிவித்தது. ஒழிந்துவிடவில்லை என்பதை என் மாணாக்கனின் தொலைபேசி காட்டியது.

மருமகன் ஒருவரைக் கொண்டு விலை விசாரித்தேன். இரண்டாயிரத்து எண்ணூறு டொலர் என்று விடை வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டொலர் கட்டாத குற்றத்துக்கு அது தண்டம். என்னோடு கற்பிக்கும் நண்பர், "ஊர் கூடிக் கொடுத்து மீட்போம், ஆசிரியர் பெயர் அந்த இடத்தில் ஒரு நாளும் இருக்கலாகாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அதுவே தோன்றியது. ஆயினும் கொடுப்பது சரியன்று என்று சொன்னேன். நாம் கொடுக்கும் பணம் அடுத்த புலவரின் பெயரை ஏந்துவதற்கு முதலாகும். இன்றும் அவருக்கும் எனக்கும் இதில் உடன்பாடில்லை.

களப்பெயர் வாணிகம் முழுவதையும் நான் பழிக்கவில்லை. 1985இல் முதன்முதலாக டொட் கொம் பெயரைப் பதிந்தது சிம்போலிக்ஸ் என்னும் கணினி நிறுவனம். அக்காலத்தில் பெயருக்கு விலை என்ற நினைவே ஒருவருக்கும் இருக்கவில்லை. பின்னர் 'பிஸ்னஸ்' என்ற சொல்லை உடைய பெயர் 1997இல் ஒன்றரை இலட்சம் டொலருக்கும், 1999இல் எழுபத்தைந்து இலட்சம் டொலருக்கும் கைமாறியது. 2019இல் 'வொய்ஸ்' என்ற பெயர் மூன்று கோடி டொலருக்கு விற்கப்பட்டது. இவை அகராதிச் சொற்கள். ஒருவருடைய உழைப்பும் அச்சொல்லுக்குள் பொருளை வைக்கவில்லை, மொழி வைத்தது. முந்தி நின்றவர் விற்றார், வேண்டியவர் வாங்கினார்; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒருவர் வாழ்நாள் முழுதும் நடந்து பொருள் ஏற்றிய பெயரை, அவர் ஏற்றிய பொருளுக்காகவே எடுத்து, அதற்கு மாறான காரியத்துக்கு வைப்பது வேறு. முன்னையது ஆடு விற்றல். பின்னையது கையை வெட்டி விற்றல்.

சட்டம் இவ்வேற்றுமையை ஓரளவு அறியும். 1999இல் ஐகான் ஏற்றுக்கொண்ட வழக்குத்தீர்ப்பு முறை ஒன்றுண்டு. உலகப் புலமைச் சொத்து அமைப்பு முதலியன அதன்படி விசாரிக்கின்றன. பெயர் முறையிடுபவரது வாணிகக் குறியோடு மயங்குவது, எடுத்தவருக்கு அதில் நியாயமான தொடர்பின்மை, தீய நோக்கோடு பதிந்து பயன்படுத்தியமை என்னும் மூன்றையும் முறையிடுபவர் நிறுவ வேண்டும். 2000ஆம் ஆண்டில் நடிகை ஜூலியா ரொபேர்ட்ஸ் இம்முறையில் தம் பெயரை மீட்டார். அதே ஆண்டில் ஸ்டிங் என்னும் பாடகர் தோற்றார். ஏனெனில் அவர் பெயர் ஆங்கிலத்தில் கொட்டுதலைக் குறிக்கும் பொதுச்சொல்லுமாம். இலக்கண ஆசிரியன் என்ற முறையில் அத்தீர்ப்பை நான் மெச்சுகின்றேன். எனினும் எங்களுக்கு அதனால் ஆவதொன்றில்லை. வாணிகத்தில் வழங்கிய பெயர் என்று காட்டினால்தான் அங்கே காது கொடுப்பர். எங்கள் ஆசிரியர் தம் பெயரால் எதனையும் விற்றவரல்லர். அவர் நூல் ஐந்நூறு பிரதி அச்சாயிற்று. நானூறு இலவசமாகவே போயிற்று.

தற்கிழமை ஒருமுறை வென்றதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினி வணிகம் செய்த ஊசி நிசான் என்பவர், தம் குடும்பப் பெயரால் 1994இல் ஒரு களப்பெயர் பதிந்தார். அதே பெயருடைய யப்பானிய மோட்டார் நிறுவனம் 1999இல் ஒரு கோடி டொலர் கேட்டு அவர்மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு அவரை வாட்டியது. எனினும் பெயர் அவரிடமே நின்றது. 2020இல் அவர் காலமானார். தந்தை வைத்த பெயரைத் தன்னது என்று சொல்வதற்கு ஒருவர் அத்தனை ஆண்டு நீதிமன்றில் நிற்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்விடத்தில் தேசவழமை நினைவுக்கு வாராமற் போகாது. தேசவழமைக்கு உட்பட்ட காணிப் பங்கை வெளியாருக்கு விற்க முனைபவர், பங்குரிமையாளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர்களுக்கே முதலில் வாங்கும் உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதனை வரையறுத்துள்ளது. காணிக்குரிய சட்டம் பெயருக்குச் செல்லாது என்பதை அறிவேன். ஆனால் அதன் உள்ளே இருக்கும் அறம் சிறியது, தெளிவானது: கைமாறு முன் உரியவர்க்குச் சொல். களப்பெயர் முறையோ பதிந்தவர் ஒருவரையே உரியவராகக் காண்கின்றது. பதியும்போதே இரண்டாம் ஆள் ஒருவரின் பெயரைக் கேட்டு, முதல்வர் வாய் திறவாதபோது அவருக்கும் அறிவிப்பது கடினமான காரியமா? இறந்தவருக்கு மூன்று கடிதம் அனுப்புவதைவிட, இருப்பவருக்கு ஒன்று அனுப்புதல் நன்று. உரித்தாளர் யார் என்பதை வணிகர் எவ்வாறு துணிவது என்று சிலர் கேட்பர். துணிய வேண்டியதில்லை, சொன்னாற் போதும்.

மறதி ஏழைப் புலவருக்கு மட்டும் உரியதன்று. 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் 'பாஸ்போர்ட்' என்னும் களப்பெயருக்குக் கட்டணம் செலுத்த மறந்தது. ஹொட்மெயில் அஞ்சலைத் திறக்க முடியாமற் பலர் இடர்ப்பட்டனர். தொடர்பில்லாத நிரலாளர் ஒருவர் நத்தார்க் காலத்தில் தம் அட்டையால் முப்பத்தைந்து டொலர் செலுத்தி அதனை நிமிர்த்தினார். பெரிய நிறுவனத்தின் மறதிக்கு அத்தகையவர் ஒருவர் கிடைத்தார். எங்கள் மறதிக்குச் சூதாடி கிடைத்தான். அவன் களவெடுத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளக்குக்கு எண்ணெய் விடாதவர் நாமே. ஆண்டுதோறும் ஆசிரியர் நினைவுநாளில் மாலை போட்டோம், பேசினோம், வடை தின்றோம்; பெயருக்குக் கட்டணம் யார் கட்டுகின்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்பர் ஒருவர் தூர தேசத்தில் தனியே அதனைச் சுமந்தார்.

இழந்ததில் எவ்வளவு மீண்டது என்று வாசகர் கேட்கக் கூடும். அமெரிக்காவில் இணையச் சுவடிகளைக் காக்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நிலையம், 1996 முதல் உலகத் தளங்களின் பக்கங்களைப் படி எடுத்து வைத்து வருகின்றது. என் மாணாக்கர் இருவர் அங்கே பழைய முகவரியை இட்டுத் தேடினர். முந்நூற்றுச் சொச்சம் பாடல்களுள் இருநூற்றுப் பதினெட்டு அகப்பட்டன. கட்டுரைகள் எல்லாம் உள. பாடல்களை ஒப்புநோக்கிப் பிழை திருத்தும் வேலையை ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கின்றோம். எட்டுப் பாடல்களை நான் மனத்திலிருந்து எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் மூன்றாம் அடி வரவில்லை.

புதிய பெயர் ஒன்று பதிந்துள்ளோம். 2010 முதல் நம் நாட்டுக்கு 'டொட் இலங்கை' என்று தமிழிலேயே முடியும் களம் உண்டு; முழு முகவரியும் தமிழெழுத்தில் அமைவதால் அதனைத் தெரிந்தோம். பதிவு தனி ஆளின் பெயரில் இல்லை. பழைய மாணாக்கர் சங்கத்தின் பெயரில் உள்ளது. கட்டணத் தவணை சங்கத்தின் கணக்கேட்டில் மின்கட்டணத்துக்கு அடுத்த வரியில் இருக்கின்றது. கடவுச்சொல் மூவரிடம் உண்டு. மூவரும் ஒரே ஊரில் இல்லை. கேள்வி கேட்ட மாணாக்கனிடம் என் விடையைத் திருத்திச் சொன்னேன். "மண்ணிலே தற்கிழமை, வலையிலே பிறிதின்கிழமை, அதுவும் தவணைக்கு" என்றேன். "அப்படியானால் நன்னூலுக்கு ஒரு புறனடை எழுதலாமே ஐயா" என்றான்.

ஒலிப்பதிவு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. பக்கங்களைப் படியெடுத்த நிலையம் அந்த ஒலிக்கோப்பை எடுக்காது விட்டுவிட்டது. ஆசிரியர் 1980களில் பல கோயில்களில் புராண படனம் செய்தவர். அந்நாளில் ஒலிநாடாவில் பதிந்தவர்கள் சிலர் இருந்தனர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அவரிடம் கற்றவர் உளர். பழைய பெட்டிகளில் அத்தகைய நாடா ஒன்று இருக்கக் காண்போர், பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிந்துவிடாமல், இப்பத்திரிகையின் முகவரிக்கு என் பெயரிட்டு ஒரு கடிதம் எழுதுவாராக. நானே வந்து பெற்றுக்கொள்வேன்.