முடிவில்லாத நாளை எப்படி எழுதுவது?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் மாணவர் பெயர்ப்பட்டியலுக்கென ஒரு சிறு கணினி நிரலைப் பயன்படுத்தினோம். கணினி தெரிந்த பெற்றோர் ஒருவர் அன்போடு எழுதித் தந்தது அது. பிறந்த நாள் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்திற்குப் போக விடாது. ஒரு சிறுமிக்குப் பிறப்புப் பத்திரம் அப்போது கிடைத்திருக்கவில்லை. வேறு வழியின்றி 1.1.1900 என்று தட்டிவிட்டேன்.

அகவை வரிசைப்படி பட்டியலை அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டியபோது அவள் பெயர் முதலில் நின்றது. அகவை நூற்றுக்கும் மேல்! பிள்ளைகள் அவளைப் 'பாட்டி' என்று அழைக்கத் தொடங்கினார்கள். இரண்டு நாள் அவள் பள்ளிக்கே வரவில்லை.

நிரலை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பொய்யான நாளைத் தட்டியது என் விரல்தான். ஆயினும், 'தெரியாது' என்பதற்கு இடமே தராத படிவம் நம்மைப் பொய் சொல்லப் பழக்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

'தெரியாது', 'இன்னும் முடியவில்லை', 'முடிவே கிடையாது' ஆகிய மூன்றும் வெவ்வேறு செய்திகள். கணினி உலகில் இவை அடிக்கடி ஒரே கட்டத்துக்குள் திணிக்கப்படுகின்றன. பைத்தான் மொழியின் நாள்கணக்கு நூலகம் 1ஆம் ஆண்டு முதல் 9999ஆம் ஆண்டு வரை மட்டுமே அறியும். ஆகவே, முடிவில்லை என்று குறிக்க 31.12.9999 என எழுதும் பழக்கம் நிரலர்களிடையே உண்டு. அந்த நாளோடு ஒரு நாளைக் கூட்டினால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அது எப்படி முடிவிலியாகும்? போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமோ முடிவிலியையும் அதன் எதிர்ம வடிவையும் நாளாகவே ஏற்கிறது. முன்னது எல்லா நாளுக்கும் பிந்தியது. பின்னது எல்லா நாளுக்கும் முந்தியது. முடிவிலியோடு ஒரு நாளைக் கூட்டினாலும் முடிவிலிதான். தெரியாத நாளுக்கு வெற்று மதிப்பு தனியே இருக்கிறது. இதுவே நேர்மையான முறை.

(கணினியில் எங்கேனும் 1.1.1970, காலை 7.30 என்று வந்தால் அது பெரும்பாலும் நாளன்று, சுழியம். அன்றைய தீபகற்ப மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி முந்தியிருந்தது. 1982இல்தான் அது எட்டு மணி ஆனது. கணிதப் பாடத்திற்கு நல்ல கணக்கு!)

நம் முன்னோர் இதை வெகு அழகாகச் செய்திருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் கொடைக்கு இறுதி நாள் குறிக்க வேண்டிய இடத்தில் 'சந்திராதித்தவல்' என்ற சொல் வரும். திங்களும் ஞாயிறும் உள்ளவரை என்று பொருள். 9999 என்று யாரும் வெட்டவில்லை. கோயிலில் நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் தருவார்கள். அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா என்ன? செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முடிவிலியை எண்ணாகக் கருதாமல் விதியாக எழுதி வைத்தார்கள். நம் ஜொகூரில் கூட நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். குத்தகை நிலமென்றால் 99 ஆண்டு போன்ற கால அளவும் அது முடியும் நாளும் இருக்கும். நிலையுரிமை நிலமென்றால் 'செலாமா-லாமாஞா' என்ற சொல்லே இருக்கும்.

காகிதத்தில் இயன்றது திரையில் ஏன் இயலாது? வீட்டிலோ பள்ளியிலோ படிவம் தயாரிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் நாள் கட்டத்தின் அருகே இன்னொரு தேர்வையும் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பட்டியலில் இப்போது 'பத்திரம் வரவில்லை' என்று குறிக்க இடமுண்டு. அதைச் சேர்க்க அந்தப் பெற்றோருக்கு ஒரு மாலைப்பொழுதுதான் பிடித்தது.